வட சென்னையிலிருந்து அங்கோர் வாட்: ஏஜென்ட் இல்லாமல் போய்வர ஒரு வழிகாட்டி

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வெளிநாடு என்றால் வேலைக்கு வளைகுடா, சரக்கு எடுக்க சிங்கப்பூர் அல்லது பாங்காக். கோயில் பார்க்கக் கம்போடியா போகிறேன் என்று சொன்னால், "அங்க என்ன, வேலை ஏதாவது சொல்லியிருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆறாவது படியில் வருகிறேன்.

இந்தப் பயணத்துக்கு ஏஜென்ட் தேவையில்லை. தேவைப்படுவது காகிதங்களில் ஒழுங்கு, கொஞ்சம் பொறுமை, இரண்டு மூன்று மாத அவகாசம். பாஸ்போர்ட்டே இல்லாத ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். பாஸ்போர்ட் இருப்பவர்கள் மூன்றாவது படிக்குப் போய்விடலாம், ஆனால் பெயர் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மாட்டிக்கொள்கிற பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

வரலாற்றுக்கு இங்கே இடமில்லை. 12-ஆம் நூற்றாண்டில் கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டத் தொடங்கிய கோயில்தான் அங்கோர் வாட் என்பது தெரிந்தால் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "ராஜேந்திர சோழன் கட்டிய அங்கோர் வாட்" செய்தியை நம்பிப் போய், அங்கே கைடுடன் சண்டை போட வேண்டாம். ராஜேந்திரன் ஆண்டது 1014 முதல் 1044 வரை. சூரியவர்மன் பட்டத்துக்கு வந்ததே 1113-இல்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை இருக்காது, வெயிலும் தாங்கும். கூட்டமும் அப்போதுதான். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். டிக்கெட், அறை வாடகை இரண்டும் இறங்கும், கோயிலைச் சுற்றியுள்ள அகழியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். பெரும்பாலும் மாலையில்தான் மழை கொட்டும் என்பதால் காலையில் பார்த்து முடித்துவிடலாம்.

பள்ளி லீவை நம்பித்தான் கிளம்ப முடியும் என்றால் கவனியுங்கள். அரையாண்டு விடுமுறையும் உலகத்தின் கிறிஸ்துமஸ் கூட்டமும் ஒரே வாரத்தில் விழும். ஏப்ரல் நடுவில் போனால் இன்னொரு சிக்கல்: நம் சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு. ஊரே அங்கோரில் இருக்கும், வெயிலும் வருடத்தின் உச்சத்தில் இருக்கும். காலாண்டு விடுமுறைதான் என் ஓட்டு.

2. பெயர், பிறகு பாஸ்போர்ட்

தமிழர்களுக்கு மட்டுமே புரிகிற தலைவலி இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "மு. செல்வம்", ஆதாரில் "செல்வம்", பான் கார்டில் "செல்வம் முனுசாமி". மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, விரித்துத்தான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் "கிவன் நேம்", "சர்நேம்" என்று இரண்டு கட்டம் இருக்கும். உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரை இரண்டாவது கட்டத்திலும் போடுங்கள். "நமக்கு ஏது சர்நேம்" என்று அதைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா விசா தருவதில்லை. கம்போடியாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் விமான டிக்கெட் தளமும் விசா படிவமும் சர்நேம் கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக நிரப்பிவிட்டு செக்-இன் கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், அந்த விமான நிறுவனம் என்ன போடச் சொல்கிறது என்று அதன் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கிற நிறுவனங்கள் உண்டு.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஆதாரில் பெயரையும் முகவரியையும் திருத்துங்கள், அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம்.

முகவரியில் நம் பக்கத்துக்கே உரிய கோளாறு, பழைய எண், புதிய எண். வாடகை ஒப்பந்தத்தில் புதிய எண், ஆதாரில் பழைய எண், வாசலில் இரண்டும் அழிந்துபோன பலகை. விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள். குடிசை மாற்று வாரிய வீடு கிடைத்துப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று இடம் மாறியவர்கள் ஆதாரில் பழைய முகவரியையே வைத்திருந்தால் போலீஸ் விசாரணை தப்பான ஸ்டேஷனுக்குப் போகும். எண்ணூர், மணலிக்காரர்களுக்கு 2022-லிருந்து ஆவடி கமிஷனரேட். இதை நீங்கள் தேட வேண்டியதில்லை, எந்தக் காவல் நிலையம் என்பதை மட்டும் படிவத்தில் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000. எட்டு வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் பத்து சதவீதம் தள்ளுபடி. தட்கால் வேண்டுமென்றால் மேலே 2,000. பணத்தை பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே கட்டலாம். வாசலில் ஃபைலோடு நிற்கிற ஆள் "அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்றேன்" என்று வசூலிப்பது, நீங்களே ஃபோனில் செய்துவிடக்கூடிய வேலைக்கு. சென்னையில் சேவா மையங்கள் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நமக்கு அமைந்தகரைதான் கிட்டே.

கையில் ஒரிஜினல்கள் இருக்க வேண்டும்: ஆதார், பிறந்த தேதிக்கு மார்க் ஷீட் அல்லது டிசி அல்லது பான், முகவரிக்கு ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். ரேஷன் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பத்தாவது பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட்டில் "ஈசிஆர்", அதாவது வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி வேண்டும் என்று அச்சாகும். வேலைக்குப் போகிற சில நாடுகளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. அந்தப் பட்டியலில் கம்போடியா இல்லை, சுற்றுலாவுக்கு அது தடையும் இல்லை. அப்படியிருந்தும் எமிக்ரேஷனில் இரண்டு கேள்வி கூடுதலாக வரலாம்.

3. டிக்கெட்

பாஸ்போர்ட் கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். எவ்வளவு ஆஃபர் என்றாலும் வேண்டாம். அங்கோர் இருக்கும் ஊர் சியெம் ரீப். கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் இவற்றில் ஒன்றில் மாறிப் போகலாம். போக வர 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் கிடைத்தால் எடுத்துவிடுங்கள்.

பொறி இரண்டு. முதலாவது, சென்னை–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–சியெம் ரீப் இன்னொரு டிக்கெட் என்று மலிவாகத் தனித்தனியே எடுப்பது. அப்படி எடுத்தால் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியா இப்போது விசா இல்லாமல் விடுகிறது என்றாலும், அவர்களுடைய டிஜிட்டல் வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போச்சு. ஒரே பிஎன்ஆரில் எடுங்கள்.

இரண்டாவது, பாங்காக் வரை பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டுவது. பழைய யூடியூப் வீடியோ எல்லாம் இதைத்தான் சொல்லும். 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு தரைவழி எல்லையை மூடினார்கள். திறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னாலும் அந்த வழி வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவிப்பையும் ஒரு முறை பாருங்கள்.

மலிவு விமானத்தில் கையில் ஏழு கிலோ மட்டும். பெட்டி போட வேண்டுமென்றால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். கவுன்டரில் வாங்கினால் கசக்கும்.

4. விசாவும் வருகைப் படிவமும்

பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். இணையத்தில் இ-விசா எடுக்கலாம், இறங்கியும் விசா வாங்கலாம். இரண்டும் 30 டாலரைச் சுற்றித்தான். வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல் முறை என்றால் இ-விசாவே நல்லது. நம் ஊர் கவுன்டரில் காட்ட ஒரு தாள் இருக்கும். கிடைக்க மூன்று வேலை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், 30 நாள் தங்கலாம். அதனால் ரொம்ப முன்னாலேயும் எடுக்காதீர்கள்.

தேடலில் முதலில் வந்து நிற்கிற தளங்கள் பாதிக்குமேல் தரகர்களுடையவை. முகப்பில் கம்போடியக் கொடியும் அங்கோர் கோபுரமும் அச்சு அசல் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில்தான் இரண்டு மடங்கு கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி புள்ளி கேஎச் என்று முடியும். அப்படி முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

விசா தவிர, விமானத்தில் போகிற எல்லோரும் "இ-அரைவல்" என்கிற படிவத்தை இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்டால் தப்பான தளத்தில் நிற்கிறீர்கள்.

5. டாலர்

அங்கே டாலரும் ஓடும், ரியெலும் ஓடும். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். கிழிசல், பேனாக் கோடு, மடங்கி நைந்த நோட்டு எதையும் வாங்க மாட்டார்கள். மண்ணடியிலோ பாரிமுனையிலோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கடையில் மாற்றும்போது ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டு நிறையக் கேளுங்கள். பாஸ்போர்ட், பான், டிக்கெட் நகல் கொண்டு போங்கள். ரொக்கமாக 50,000 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டார்கள், மீதியை வங்கி மூலம் கட்ட வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

செலவு மொத்தம் எவ்வளவு? டாலர் 90 ரூபாய், நான்கு இரவு, இரண்டு பேர் ஒரே அறை என்று கணக்கு போட்டால் ஆளுக்கு 55,000 ரூபாய் சுற்றி வரும். அதில் பாதிக்கு மேல் விமானம். டூர் பேக்கேஜ் எடுத்தால் விலைக்கு மேலே டிசிஎஸ் என்று, வருமான வரிக் கணக்கில் ஒரு தொகை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்ன் போடுகிறவர்கள் அதைத் திரும்பப் பெறலாம், போடாதவர்களுக்குப் போனதுதான்.

6. மீனம்பாக்கம், எமிக்ரேஷன்

விமான நிலையம் போவதில் வட சென்னைக்காரருக்கு இப்போது ராஜயோகம். விம்கோ நகர், திருவொற்றியூர் தேரடி, சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று எங்கே ஏறினாலும் மெட்ரோவின் நீல வழித்தடம் இறங்கி மாறாமல் விமான நிலையத்தில் விடும். 50 ரூபாய்க்கு மேல் ஆகாது. கடைசி வண்டி இரவு 11 மணி. நள்ளிரவு விமானமென்றால் ஒன்பதுக்கே ஏறிவிடுங்கள்.

எமிக்ரேஷன் மேசையில்தான் நான் முதலில் சொன்ன கேள்வி வரும். "டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஆயிரம் டாலர்" என்று சொல்லி, சுற்றுலா விசாவில் கம்போடியா அனுப்பப்பட்டு, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்ட இந்தியர்கள் ஏராளம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2024-இல் மத்திய அரசே எச்சரிக்கை விட்டது. அதனால் தனியாகப் போகிற இளைஞனை அதிகாரி துருவித் துருவித்தான் கேட்பார். கோபப்பட ஒன்றுமில்லை, அவர் கேட்பது நம் நல்லதுக்கு.

திரும்பும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், இ-விசா, வேலை செய்யும் இடத்து லீவ் கடிதம் அல்லது கல்லூரி அடையாள அட்டை, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், எல்லாவற்றையும் தாளாகவே எடுத்துப் போங்கள். ஃபோனைத் திறந்து தேடிக்கொண்டிருப்பது பார்க்க நன்றாக இராது. "எத்தனை நாள், எங்கே தங்குகிறாய், எவ்வளவு பணம்" என்று கேட்டால் மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் யாராவது இந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அங்கே வேலை சொல்லியிருக்காங்க, டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்றாங்க" என்றால் தடுத்து நிறுத்துங்கள். ஏஜென்ட் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்னையிலேயே அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

7. நுழைவுப் பாஸ்

சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. ஊருக்கு 50 கிலோமீட்டர் தள்ளி. பழைய பதிவுகளில் "பத்து நிமிஷத்தில் ஹோட்டல்" என்று இருக்கும், அது போன காலம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பஸ் இருக்கிறது, டாக்ஸியைவிடப் பல மடங்கு மலிவு.

அங்கோர் கோயில்களுக்கான பாஸ் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் பாஸை அடுத்தடுத்த நாளில்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். அதையே வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாக் கோயிலும் பார்த்தேன் என்பவர்கள் கால்வலியைத்தான் பார்த்திருப்பார்கள். 12 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் வயதுக்குச் சான்றாகக் குழந்தையின் பாஸ்போர்ட் கையில் வேண்டும்.

கோயில் வாசலில் பாஸ் கிடைக்காது. ஊரிலிருந்து போகும் வழியில் தனி டிக்கெட் அலுவலகம். அங்கேயே படம் எடுத்து முகத்தோடு அச்சிட்டுத் தருவார்கள், அதனால் இன்னொருவர் பாஸில் நுழைய முடியாது. அரசு நிறுவனமான அங்கோர் என்டர்பிரைஸ் தளத்திலும் வாங்கலாம். மாலை ஐந்து மணி சுமாருக்கு வாங்கினால் மறுநாளுக்குத்தான் கணக்கு, அன்றைய சூரிய அஸ்தமனத்தை ஓசியில் பார்த்துவிடலாம்.

8. எதை எப்போது பார்ப்பது

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். நம் ஊர்க் கோயில் பழக்கத்தில் காலையில் முகப்பைப் படமெடுக்க நின்றால் சூரியன் எதிரே இருக்கும், கோபுரம் கறுப்பாகத்தான் விழும். விடியற்காலை ஐந்துக்கே திறக்கிறார்கள். குளத்தோரம் கூட்டம் அலைமோதும். அந்தக் கறுப்பு நிழலே வேண்டுமென்றால் போங்கள். கல்லின் நிறமும் முகப்பின் செதுக்கலும் வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணிக்குமேல் வாருங்கள்.

மேற்குக் கோபுர வாசலில் எட்டுக் கை விஷ்ணு ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறார். "தா ரீச்" என்று உள்ளூர்க்காரர்கள் இன்றும் பட்டு சாத்தி, ஊதுபத்தி வைத்துக் கும்பிடுகிறார்கள். கூட்டம் நேரே உள்ளே ஓடுவதால் பலர் அவரைப் பார்ப்பதே இல்லை.

பிறகு வெளிச்சுற்றுச் சிற்ப மண்டபம். பயணத்தின் காசு முழுக்க இங்கேயே வசூலாகிவிடும். இங்கே நம் கால் தன்னால் இடது பக்கம் திரும்பி வலம் வரப் பார்க்கும். திரும்பாதீர்கள். இந்தக் கோயிலின் சிற்ப வரிசை அப்பிரதட்சிணமாகத்தான் ஓடுகிறது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் திரும்புங்கள். முதலில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், கைடு வேண்டாம். தெற்கு மண்டபத்தில் சூரியவர்மனின் படை ஊர்வலம், அடுத்து சொர்க்கம், நரகம். நரகத்தில் கொடுக்கிற தண்டனைகளை நம் ஊர்க் கிழவிகள் சொல்லும் கதையிலிருந்தே எடுத்த மாதிரி இருக்கும். கிழக்கே திரும்பினால் பாற்கடல் கடையும் காட்சி, சுமார் 49 மீட்டர் நீளம். வாசுகியின் உடம்பைப் பிடித்து இழுக்கிற கைகள் வரிசையாக, நடுவில் விஷ்ணு, கீழே கடலில் மீனும் முதலையும். கடைகிற மலைக்குப் பக்கத்தில் வருகிற மீன்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், துண்டு துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். சுழற்சியின் வேகத்தைச் சிற்பி அப்படிக் காட்டியிருக்கிறார். சுவரைத் தொடாதீர்கள். காலை எட்டு மணி சுமாருக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் சாய்வாக விழும், ஆளும் குறைவு.

மேல் அடுக்குக்கு ஏற வரிசை உண்டு. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிப்பதை ஏற்பதில்லை, கை வைத்த சட்டையே வேண்டும். வேட்டி கட்டிப் போனால் படி செங்குத்து, மடித்துக் கட்டவும் முடியாது, பேன்ட்டே நல்லது. பௌத்த விசேஷ நாள்களில் மேல் அடுக்கு மூடியிருக்கும், முந்தைய நாளே ஹோட்டலில் கேளுங்கள். 12 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை.

மற்றவை சுருக்கமாக. பாயோன், பெரிய பெரிய முகங்கள் செதுக்கிய கோபுரங்கள் உள்ள கோயில், காலை திறந்தவுடன். தா ப்ரோம், மரவேர் கல்லைக் கவ்விய கோயில், கூட்டம் வருமுன் அல்லது மூடும் நேரத்தில். அங்கே பழுதுபார்ப்பு வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு. பந்தியாய் ஸ்ரே சிறியது, 967-இல் எழுந்தது, சிவப்புக் கல்லில் மர வேலைப்பாடு போன்ற செதுக்கல். ஊரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல், அதற்கென்று அரை நாள். பாஸிலேயே அடக்கம். கூலன் மலைக்கு மட்டும் தனிக் கட்டணம்.

டுக்-டுக்கை, அதாவது அந்த ஊர் ஆட்டோவை, நாளுக்கு 15 முதல் 20 டாலருக்குப் பேசிக்கொள்ளுங்கள். விடியற்காலைக்கும் பந்தியாய் ஸ்ரேக்கும் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். ஏறுமுன் பேசிவிடுங்கள்.

9. சாப்பாடும் உடம்பும்

காய்கறிச் சாப்பாடு என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். "ப்ரஹோக்" என்கிற புளித்த மீன் விழுது எல்லாவற்றிலும் உண்டு, காசிமேட்டு மூக்குக்கு அது கருவாட்டுக் கடை மாதிரிதான். சைவர்களுக்கு இந்திய ஹோட்டல்கள் இருக்கின்றன, விலை கொஞ்சம் எகிறும். கொசு உண்டு, டெங்கு உண்டு. தொலைதூரக் கோயில்களில் போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், பழைய போர்க் கண்ணிவெடிகள் இன்னும் முழுதாக எடுத்தாகவில்லை.

10. திரும்பும்போது

பழைய சிலைத் துண்டு, கல் தலை என்று யாராவது மலிவாகக் காட்டினால் தொடாதீர்கள். அசல் என்றால் ஜெயில், போலி என்றால் பணம் தண்டம். மிஞ்சிய டாலரில் 2,000 வரை கையிலேயே வைத்துக்கொள்ளலாம், அடுத்த பயணத்துக்கு ஆகும். ரியெலை மட்டும் அங்கேயே செலவழித்துவிடுங்கள், அதை மண்ணடியில் மாற்ற ஆள் கிடைக்காது. விமான நிலையத்துக்குள் விலை பெரும்பாலும் டாலரில்தான். அதனால் கடைசி நாள் காலையில் டுக்-டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசில் ரியெலைச் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும்.